சக்கரத்தடி எலுமிச்சைகள்

பூஜை முடிந்து, புது ஹைபிரிட் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்னால் இருந்த இரண்டுக்கும் வாய் ஓயவில்லை.

“பெட்ரோல் வண்டியே போதுமே? எங்க போனாலும் பங்க் இருக்கு” என்றது இடப்பக்கப் பழம்.

“தினம் ஓடுறது பத்து கிலோமீட்டர். அதுக்கு பேட்டரி வண்டிதான் சரி. இது பாவம், ரெண்டையும் சுமக்குது!” என்றது வலப்பக்கப் பழம்.

“சுமந்தா என்ன? ஊருக்குள்ள பேட்டரி, மலைக்கு பெட்ரோல். எனக்கு ஒரு குறையும் இல்ல” என்றது கார்.

“அதெல்லாம் சரிப்படாது!” முதல்முறையாக இரண்டும் ஒரே குரலில் கத்தின. “முதல்ல நீ ஸ்டார்ட் ஆகு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு மிச்சத்தைப் பேசுறோம்.”

“ஸ்டார்ட் ஆகி ரொம்ப நேரமாச்சே” என்றபடி கார் சத்தமில்லாமல் உருண்டது.

நசுங்கிய பழங்களின் வாசம் டயரில் ஒட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தது. கார் அதையும் சந்தோஷமாகச் சுமந்தது.