பாதிப் பிளேன்டீ

இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால், என் பல்செட் வெள்ளவத்தைக் கடலோடு போகட்டும்.

என் மனைவி ரதிக்குப் புற்றுநோய். ரேடியேஷன் தொடங்கியதும் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மளமளவென்று குறைந்தன.

"இன்னும் குறைஞ்சால் உயிருக்கு ஆபத்து. வேற ஆக்களின்ர எச்சில் படக்கூடாது," என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வழக்கம்போல என் பிளேன்டீயில் பாதியைக் குடித்தாள்.

"நாப்பது வருசமா உங்கட எச்சில் என்னை என்ன செய்தது?"

அடுத்த கிழமை அவளுக்கு அணுக்கள் கூடியிருந்தன. கூடிய அளவுக்கு எனக்குக் குறைந்திருந்தன. கடைசியில் எனக்குப் பூச்சியம்.

"ஐயா, இப்பிடி ஒராள் உயிரோட இருக்க ஏலாது," என்றார் டொக்டர்.

"அவர் எப்பவும் சொல்வழி கேக்கமாட்டார்," என்றாள் ரதி.

இப்போது அவள் சுகம்.

எனக்கு ஊசியென்றால் பயம். இன்றுவரை ஒருவரையும் என் இரத்தம் எடுக்க விட்டதில்லை.