துரை உட்கார்ந்த இடம்

"வா துரை, உள்ளே வா. இனிமே இதுதான் உன் வீடு."

கணவர் சொன்னதைக் கேட்டதும் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கால் பெடலிலேயே நின்றுபோனது.

"ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீங்க?"

"இவனுக்கு இடுப்பு எலும்பு தேஞ்சிடுச்சு, ஓய்வு கொடுத்துட்டாங்க. வளர்த்தவன்கிட்டயே கொடுக்கறதுதானே எங்க வழக்கம். பயப்படாதே, என்னைவிட ஒழுங்கா இருப்பான்."

துறைமுகச் சுங்கத்தில் மோப்ப நாய்ப் பிரிவு அவருக்கு. மேற்பார்வைக்கு வந்த பெரிய அதிகாரி மாதிரி நிமிர்ந்தே நடக்கும் அந்த நாய்க்குத் துரை என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. கஞ்சா எங்கே இருந்தாலும் அதற்கு முன்னால் போய் அமைதியாக உட்கார்ந்துவிடுவான். குரைப்பதில்லை, பிராண்டுவதில்லை.

"மோப்பமாவது குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அது எங்கே குறையும்? இடுப்புக்குத்தான் வயசாச்சு."

மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில், ஓர் இருமல் மருந்துப் பாட்டில் இருந்தது. உள்ளே இருந்தது கஞ்சா எண்ணெய்.

எல்லாம் குட்டிக்காகத்தான். ஆறு வயது மகளுக்கு வலிப்பு வராத நாளே கிடையாது. கொடுக்காத மருந்தில்லை. கடைசியில் டாக்டரே குரலைத் தாழ்த்தி, "சில நாடுகள்ல இந்த எண்ணெயை மருந்தாவே கொடுக்கறாங்க. இங்கே நான் எழுதிக் கொடுத்தா என் வேலை போயிடும்" என்றார். அதன் பிறகுதான் அவள் முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட் பின்சந்துக்குப் போனாள்.

முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது பாட்டில் வாங்கிய வாரத்தில்தான் அது நடந்தது. ஒரு பகல் முழுக்கக் குட்டியின் உடம்பு தூக்கிப் போடவே இல்லை. மறுநாளும் இல்லை. பிறகு ஒரு காலையில் குட்டி தானே கரண்டியைப் பிடித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கடலை முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி அம்மா வாயடைத்து நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. இப்போதும் பக்கத்து அறையில் குட்டி தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

கணவரிடம் சொல்ல முடியுமா? சொந்தச் சித்தப்பா மகனையே ஒரு பொட்டலத்துக்காகப் பிடித்துக் கொடுத்த மனிதர்.

"கஞ்சா எண்ணெயை மருந்தா அனுமதிக்கற அந்தச் சட்டத்தை மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாங்களாம். ரேடியோவில சொன்னான்," என்று மெல்லப் பேச்சைத் தொடங்கினாள்.

"போடட்டும். எவன் எதைக் கலந்து விக்கறான்னு தெரியாமலே புள்ளைங்களுக்குக் கொடுக்கறாங்க."

"அதனாலதானே சட்டம் கேக்கறாங்க? சோதிச்சு, எவ்வளவு இருக்குன்னு பாட்டில் மேல எழுதி, டாக்டர் சீட்டைப் பார்த்துக் கடையில கொடுத்தா, யாரு சந்து சந்தா அலையப் போறா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சந்துல விக்கறான்னு உனக்கு யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் துரையின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துவிட்டார். "போடா, வீட்டைச் சுத்திப் பாரு."

துரை சோபாவை முகர்ந்தான். அலமாரியைக் கடந்தான். ஒரு கணம் சமையலறை வாசலில் நின்றான். பிறகு நேராக மெஷினுக்கு வந்து, வலிக்கும் இடுப்பை மெதுவாக இறக்கி, இழுப்பறைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"மெஷின் எண்ணெய் வாசனைக்கு உட்கார்ந்திருப்பான்," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இவன் வாழ்நாள்ல மெஷின் எண்ணெய்க்கு உட்கார்ந்ததில்லை." அவர் இழுப்பறையைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

அவள் இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க, வர்றேன். இதை மட்டும் கொட்டிடாதீங்க. இது இல்லேன்னா குட்டி மறுபடியும் பழையபடி ஆயிடுவா. நீங்களும்தானே பார்க்கறீங்க, அவ பாடறா..."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"நல்லவேளை, உட்கார்ந்தான். உட்காராம இருந்திருந்தாத்தான் நான் பயந்திருப்பேன். இந்தத் தடவை புது ஆள். நிஜமா போலியான்னு தெரியாம மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லை."

"புது ஆளா? நான் அதே ஆள்கிட்டதானே வாங்கினேன்?"

"நீ அவன்கிட்ட வாங்கின முதல் பாட்டிலை இவன் மூக்குக்கு நேரா வெச்சுப் பார்த்தேன்மா. கொட்டாவி விட்டுட்டு நடந்து போயிட்டான்," என்றார் அவர். "அன்னையிலேர்ந்து நீ வாங்கிட்டு வர்றதைக் கொட்டிட்டு, வேற ஆள்கிட்ட நிஜ எண்ணெயை வாங்கி இதுல நான்தான் ஊத்தி வெக்கறேன்."