பிரிந்து நின்ற இரண்டு இழைகள்

அப்பா உயிரை விட்ட பந்தயத்தில் நொறுங்கிய ரேஸ் சைக்கிள் அது. முப்பது வருடமாகச் சாக்குக்குள் கிடந்தது. பழைய சைக்கிள் என்றால் பித்துப் பிடித்து அலையும் ஒருவர் அவளைத் தேடி வந்து கேட்டு வாங்கி, இரண்டு வருடம் பாடுபட்டு உயிர் கொடுத்திருந்தார். அந்த இரண்டு வருடத்தில் 'சார்' என்பது 'மாமா' ஆகியிருந்தது.

"பெடல் வார்கூட அந்த வருஷத்தோடதும்மா. சீட்டுக்குப் பின்னாடி மூணு ஆணி பித்தளை. ஓரத்துல ஒண்ணு மட்டும் இரும்பு, உங்கப்பாவே அடிச்சது."

"அப்பாவோட பழைய போட்டோவுலகூட அதெல்லாம் தெரியலையே மாமா!" என்று வியந்தவள், குனிந்து பார்த்தாள். "பின்பிரேக் ஒயர்ல ரெண்டு இழை பிரிஞ்சு நிக்குதே? நாளைக்குக் கண்காட்சி. புதுசு மாத்திடலாமா?"

"வேண்டாம்மா. நான்தான் பிரிச்சு விட்டேன். அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"இறக்கத்துல ஒயர் அறுந்துதானே அப்பா விழுந்தாரு? அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடு முழுக்க அவர் பின்சக்கரத்தை ஒட்டியே நானும் மிதிச்சேன்மா. உச்சியில இந்த ரெண்டு இழையும் வெயில்ல மின்னுச்சு."

அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு குரல் கொடுத்திருந்தா நின்னிருப்பாரே?"

"நின்னிருப்பாரு."

"ஏன் கொடுக்கல?"

"அப்ப நான் ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தேன்."