பெயர் இல்லாத ஒழுங்கை

முசலிக் கரையில், மழைக்கு முழங்கால்வரை சேற்றில் கால் புதையும் குறுந்தெரு, ஒழுங்கை அது. அதற்குக் கொங்கிறீட் கேட்டு ஆறு வருடமாகப் பிரதேச சபைக்கு மனுக்கொடுத்தவள் றிஸ்மினா. வேலை முடிந்த அன்று, சபைக் கிளாக்கர் நிரூபன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு.”

“அல்லாஹ்! திரும்ப உடைக்கப்போறீங்களோ?”

“இல்லையக்கா. ஒழுங்கைக்குப் பேர் இல்லைதானே? உங்கட மனுக்கள் இருந்த பைல் மட்டையில நானே ஒரு பேர் எழுதி வச்சனான். பேர்ப்பலகை எழுதினவர் அதையே பார்த்து எழுதிப்போட்டார்.”

றிஸ்மினா முனைக்கு ஓடினாள். புதுப் பலகையில் ‘றிஸ்மினா ஒழுங்கை’ என்றிருந்தது.

“மாத்த வேணுமெண்டா ஒரு மனுத் தாங்கோ,” என்றார் பின்னால் வந்த நிரூபன்.

“மனு எழுதிக் கை உளைஞ்சுபோச்சு தம்பி. இனி எழுதமாட்டன்!”