துரைவீட்டு வாத்துக்கறி

எந்த மாதம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கான்டனில் அபின் தகராறு முற்றி, வெள்ளையரிடம் வேலை செய்யும் சீனர்கள் எல்லாரும் வேலையை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. ஒரு துரைக்குச் சமையல்காரராக இருந்த என் கணவர் லியுங்கும் வெளியேறினார்.

“நான் இல்லாம துரை பட்டினிதான்,” என்று சிரித்தார்.

சில நாளில் முகம் கறுத்து வந்தார்.

“துரைக்கு தினமும் வாத்துக்கறியாம். காவக்காரன் சொல்றான். எவனோ என் வேலைக்குக் கண்ணு வச்சுட்டான்!”

“நல்லா சமைக்கிறானா?”

“என்னைவிட ருசின்னு துரையே சொன்னாராம்டி! ஆள் மட்டும் கிடைச்சா, சமைச்ச அந்தக் கையை ஒடிச்சிடுவேன்.”

நான் என் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். துரை பசி தாங்காமல் வேறு ஆளைப் பிடித்துவிட்டால் இவர் வேலை போய்விடுமே என்றுதான், தங்கையின் படகில் சமைத்துத் துரை வீட்டுக்குப் போகும் தண்ணீர் வாளியில் மறைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு போர் வந்தது. துரை மக்காவ் துறைமுகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. தங்கை படகை விற்றாள். நாங்கள் சாப்பாட்டுக்கடை வைத்தோம். அடுப்படியில் நான். வாசலில் உட்கார்ந்து அந்த எவனையோ இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார் அவர்.