பில் போடுகிறவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பச்சைப் போர்வை மேல் விரித்திருக்கிறது. மின்விசிறி கடகடக்கிறது. பிறந்ததிலிருந்து பால் குடிக்கத் தெரியாமல் பாண்டிசெல்வியை அழவைத்த மகள், நர்ஸ் ஈஸ்வரி குழந்தையின் தலையை ஏந்திப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க, இப்போதுதான் வாயைத் திறந்து கவ்வுகிறாள். “புடிச்சிட்டா பாரு!” என்கிறார் நர்ஸ். பாண்டிசெல்விக்குக் கண் நிறைகிறது. பக்கத்துக் கட்டில் சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, “ஏட்டி, ராஜபாளையத்துல அம்புட்டுப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில வேல பாக்குறவ, நீ இங்க எதுக்கு வந்த?” என்று கேட்கிறாள். “அங்க பில்லு போடுறதே நாந்தானக்கா!” வார்டே சிரிக்கிறது. நர்ஸும் வாயைப் பொத்திக்கொள்கிறார். சிரிப்பில் பாண்டிசெல்வியின் உடம்பெல்லாம் குலுங்குகிறது. மகள் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.