புள்ளி இல்லாத இடம்

"படகைத் திருப்பச் சொல்லு."

கட்டுப்பாட்டு அறையின் அதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சொன்னார். ஊரே மூழ்கினாலும் அவர் சட்டையின் மடிப்பு மட்டும் கலையாது.

அவள் திருப்பச் சொல்லவில்லை.

சுவரை அடைத்த திரையில் வெள்ளத்தின் வரைபடம். உதவி கேட்டு யார் கூப்பிட்டாலும், கூப்பிட்ட இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளியைப் பார்த்துப் படகு அனுப்புவதுதான் அவள் வேலை. மேற்கே மாடிவீட்டுக் காலனி அம்மை போட்டதுபோல் சிவந்து கிடந்தது. மிச்சமிருந்தது ஒரே படகு. அதைத்தான் கிழக்கே, ஆற்றோரக் குடிசைகளுக்கு அனுப்பியிருந்தாள்.

அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"கூப்பிடாதவங்களுக்கு எதுக்குப் படகு? அங்க உன் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

காலையில் அங்கேயும் புள்ளிகள் இருந்தன. தண்ணீர் வடிந்திருந்தால் ஒவ்வொன்றாகக் குறைந்திருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. அந்தப் பக்கத்து செல்போன் கோபுரம் விழுந்தால்தான் அப்படி அணையும். சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கத்த வழியில்லாதவன் உயிர் என்ன அவ்வளவு இளப்பமா?

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "யார் என்ன சொன்னாலும் திரும்பாதீங்கண்ணே. நேராப் போங்க."

"நாளைக்கு இந்த நாற்காலி உனக்கு இருக்காது."

"இன்னைக்கு இருக்குல்ல சார்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு படகோட்டியின் குரல் வந்தது.

"எல்லாரும் கூரை மேல இருக்காங்கம்மா. கைக்குழந்தைங்க வேற. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கூரையே போயிருக்கும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய செல்போன் காலையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. கணவனின் செய்தி.

'காலனி முழுக்கத் தண்ணி. அம்மாவையும் பாப்பாவையும் மொட்டைமாடிக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். உன் ஆபீஸ் நம்பருக்கும் போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சு போயிட்டேன். படகு எப்ப வரும்?'

திரையின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தாள். அத்தனை சிவப்பில் தன் வீட்டுப் புள்ளி எது என்று அவளுக்குக் காலையிலேயே தெரியும்.

அழித்து அழித்துத் தட்டினாள்.

'அடுத்த நடையில.'